பெண்களும் எடைப்பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் சேரும் பெண்களுக்குப் பெரும்பாலும் டிரெட்மில்லைக் காட்டுவார்கள், அதோடு 1 கிலோ டம்பெல் இரண்டைக் கையில் கொடுப்பார்கள். பல மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 1 கிலோதான். பெண்களின் எடைப்பயிற்சியில் பெரும்பாலும் நடக்கும் தவறு, அளவுக்கு மீறித் தூக்குவது அல்ல. போதிய அளவு தூக்காமலே காலம் போவதுதான். அதற்குக் காரணமான பயங்களைப் பற்றியே இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை.

எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல முறுக்கேறிவிடாதா?

ஆகாது. தசை பெருப்பதில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் அது பெண்ணுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அத்தனை ஹார்மோன் இருந்தும், ஜிம்முக்குப் போகிற எத்தனையோ இளைஞர்கள் கை பெருக்கவில்லையே என்று வருடக்கணக்கில் ஏங்குகிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு விடாமல் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு, முதல் ஆண்டில் மாதம் கால் கிலோ தசை கூடினாலே நல்ல முன்னேற்றம். அதுவும் கை, கால், முதுகு என்று உடம்பு முழுக்கப் பரவித்தான் கூடும்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது 49 கிலோ எடைப் பிரிவில். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் 87 கிலோ, தோளில் ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் 115 கிலோ, மொத்தம் 202 கிலோ. சிறு வயதிலிருந்து இதையே வாழ்க்கையாகக் கொண்டவரின் உடல் எடை 49 கிலோதான். வாரம் இரண்டு நாள் 45 நிமிடம் பயிற்சி செய்பவர் தன்னை அறியாமல் பெருத்துவிட வழியே இல்லை.

ஒன்று மட்டும் உண்மை. பயிற்சி முடித்த கையோடு தசையில் இரத்தம் கூடி, தொடையும் கையும் இறுக்கமாகத் தெரியும். முதல் சில வாரங்களில் லேசான வீக்கமும் இருக்கும். "பேன்ட் டைட் ஆகிறது" என்று மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிடுபவர்கள் பார்ப்பது இந்த வீக்கத்தைத்தான். அது வடிந்துவிடும்.

சின்ன டம்பெல்லை 50 முறை தூக்கினால் 'டோன்' ஆகும் என்கிறார்களே?

'டோன்' என்று மக்கள் சொல்வது இரண்டு மாற்றங்களின் சேர்க்கை: தசை கொஞ்சம் வளர்வது, அதன் மேலுள்ள கொழுப்பு கொஞ்சம் குறைவது. அதற்கென்று தனிப் பயிற்சி முறை கிடையாது.

ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; இடையில் ஓய்வின்றிச் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். தசை வளர, செட்டின் கடைசி சில ரெப்கள் உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 6 ரெப்பிலும் வளரும், 25 ரெப்பிலும் வளரும். 50 ரெப் முடித்தும் இன்னொரு 50 போகலாம் என்று தோன்றினால், அந்த எடை உடம்பிடம் எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். வலு கூடவும் எலும்பு உறுதிப்படவும் கனமான எடைதான் வேண்டும்.

எந்த எடையில் தொடங்குவது? எப்போது கூட்டுவது?

10 ரெப் செய்து முடிக்கும்போது, "இன்னும் இரண்டு மூன்று செய்யலாம், அதற்கு மேல் முடியாது" என்று தோன்றும் எடைதான் உங்கள் எடை. ஆரோக்கியமாக இருந்து, இதுவரை பயிற்சியே செய்யாத பெண்ணுக்குத் தோராயமாக: மார்போடு டம்பெல்லை அணைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு 4 முதல் 6 கிலோ, இடுப்பில் மடங்கி எடையைத் தொடையோரமாக இறக்கி ஏற்றும் ருமேனியன் டெட்லிஃப்டுக்குக் கைக்கு 5 கிலோ, குனிந்து எடையை இடுப்பை நோக்கி இழுக்கும் ரோ என்ற முதுகுப் பயிற்சிக்கு 4 முதல் 5 கிலோ, தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸுக்குக் கைக்கு 2 முதல் 3 கிலோ. இவை தொடங்கும் இடம் மட்டுமே. இரண்டு மூன்று மாதத்தில் கால் பயிற்சிகளில் பலருக்கு இது இரண்டு மடங்காகும்.

கூட்டும் முறை எளிது. 8 முதல் 12 ரெப் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று செட்டிலும் 8 ரெப் வரும் எடையில் ஆரம்பித்து, வாரா வாரம் ஒவ்வொரு ரெப்பாகக் கூட்டுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டி, மறுபடி 8 ரெப்பில் தொடங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, எடை, ரெப் மூன்றையும் எழுதுங்கள். எழுதாதவர்கள் போன வாரம் என்ன தூக்கினோம் என்பதே தெரியாமல் அதே எடையில் நின்றுவிடுகிறார்கள்.

பெண்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் தோள் பயிற்சி. பல ஜிம்களில் டம்பெல் 2.5 கிலோவுக்கு அடுத்து நேராக 5 கிலோவுக்குத் தாவும். 20 கிலோ தூக்குபவருக்கு 2.5 கிலோ கூடுவது சின்னப் படி, 2.5 கிலோ தூக்குபவருக்கோ அது இரட்டிப்பு. "எனக்குத் தோளில் பலமே இல்லை" என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான். குறை தோளில் இல்லை, தாவலில். 2.5 கிலோவிலேயே 15, 18 ரெப் வரை போங்கள். மணிக்கட்டில் கட்டும் அரை கிலோ எடைப் பட்டை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது 5 கிலோவை ஒரு கையால் தூக்கி மறு கையால் தாங்கி, மெதுவாக இறக்கிப் பழகுங்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள்? என்னென்ன செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், உடம்பின் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் குறைந்தது 2 நாள் வலுப்பயிற்சி என்கிறது. திங்கள், வியாழன் என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும். இரண்டு நாளும் இதையே செய்யலாம்:

- ஸ்குவாட்: 3 செட்
- ருமேனியன் டெட்லிஃப்ட்: 3 செட்
- சுவரிலோ உயரமான மேசையிலோ கைவைத்துச் செய்யும் புஷ்அப்: 3 செட்
- ஒரு கை ரோ: பக்கத்துக்கு 3 செட்
- தலைக்கு மேல் பிரஸ்: 2 செட்
- இரு கையிலும் எடையைப் பிடித்து நடப்பது: 30 மீட்டர், 3 முறை

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் 2 செட் போதும். செட்டுகளுக்கு நடுவில் 2 நிமிடம் உட்காருங்கள். "உட்கார்ந்தால் கொழுப்பு கரையாது" என்று மூச்சிரைக்க அடுத்தடுத்துச் செய்தால், தசை களைப்பதற்கு முன் மூச்சு தீர்ந்துவிடும். அடுத்த செட்டில் எடை ஏறாது.

வீட்டிலும் முடியும். 5 லிட்டர் தண்ணீர் கேன் 5 கிலோ. முதுகுப் பையில் அரிசிப் பொட்டலங்களை ஒவ்வொரு கிலோவாக அடுக்கி முன்பக்கமாக மாட்டிக்கொண்டால் ஸ்குவாட்டுக்கு ஆயிற்று. ஆனால் மூன்று நான்கு மாதத்தில் கால்களுக்கு அந்தப் பை போதாமல் போகும். அப்போது தட்டுகளைக் கழற்றி மாட்டும் டம்பெல் செட் ஒன்று வாங்குவது நல்ல செலவு. மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம். தட்டையான அடிப்பாகம் உள்ளதோ, வீட்டிலானால் வெறுங்காலோ போதும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள், மெஷினில் சிக்கும்.

ஸ்குவாட் செய்தால் முட்டி தேய்ந்துவிடுமா?

சரியான அளவில் செய்தால் தேயாது. முட்டியைச் சுற்றியுள்ள தசை வலுப்பெற்றால் மூட்டுக்கு ஆதரவு கூடும். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும் பிசியோதெரபியில் தொடைத் தசைப் பயிற்சிதான் முதலில் தரப்படுகிறது.

தொடங்கும் விதம்: பின்னால் ஒரு நாற்காலி. கால்கள் தோள் அகலம், விரல்கள் சற்று வெளிப்பக்கம். மூச்சை இழுத்து, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் மெதுவாக இறங்கி, நுனியைத் தொட்டதும் உள்ளங்கால் முழுவதையும் தரையில் அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். எழும்போது முட்டிகள் உள்பக்கம் சரிவது பெண்களிடம் அடிக்கடி தெரியும் பிழை. முட்டி, காலின் இரண்டாவது விரல் இருக்கும் திசையிலேயே போக வேண்டும். சொல்லியும் சரியாகவில்லை என்றால் எடை அதிகம், குறையுங்கள். குதிகால் தூக்கினால் கணுக்கால் இறுக்கம் என்று பொருள். குதிகாலுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் பலகையோ சின்ன எடைத் தட்டோ வைத்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

டெட்லிஃப்ட் பெண்களுக்கு ஆபத்தா? இடுப்பு பிடித்துக்கொள்கிறதே?

இடுப்பு மூட்டில் மடங்க வேண்டியவர் முதுகை வளைத்துத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும். எடை இல்லாமல் முதலில் மடங்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நின்று, முட்டியைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மாப் குச்சி ஒன்றை முதுகோடு வைத்தால் பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் பட வேண்டும். குனியும்போது ஓரிடத்தில் விலகினால் முதுகு வளைகிறது. மூன்றும் படியும் அளவுக்கே இறங்குங்கள். பின்தொடை இழுப்பது தெரியும். அது வந்தபின் டம்பெல்லைத் தொடையை ஒட்டியே இறக்கி ஏற்றலாம்.

இருமுனையிலும் தட்டு மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லுக்குப் போகும்போது ஒரு சிக்கல் வரும். ஒலிம்பிக் கம்பி ஆண்களுக்கானது 20 கிலோ; பெண்களுக்கானது 15 கிலோ, சற்று மெல்லியது, 25 மில்லிமீட்டர். பல ஜிம்களில் 20 கிலோ கம்பி மட்டும்தான் இருக்கும். முழு அளவுத் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் கம்பி தரையிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். புதிதாகத் தொடங்கும் பெண் 2.5 கிலோ சின்னத் தட்டு மாட்டுவார். கம்பி கணுக்காலுக்குத் தாழ்ந்துவிடும், எட்டி எடுக்க முதுகு வளையும். இருபக்கமும் ஸ்டெப்பர் பலகை வைத்துக் கம்பியைக் கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடு உயரத்துக்கு உயர்த்துங்கள். இதைச் செய்து தராமல் "குனிந்து எடுங்க மேடம்" என்று சொல்லும் ட்ரெய்னரிடம் கேட்டு வாங்குங்கள்.

தினமும் குடம் தூக்குகிறேன், வீட்டு வேலை எல்லாம் நானே செய்கிறேன். அது போதாதா?

அது கடுமையான உழைப்பு. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை நகர்த்தும் பெண்ணிடம் "5 கிலோ டம்பெல் உனக்கு வேண்டாம்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. குடத்தின் எடை வருடம் முழுக்க அதே எடை. உடம்பு அதற்குப் பழகியதும் அதற்கு மேல் வலுவைக் கூட்டிக்கொள்ளாது. குடம் எப்போதும் ஒரே இடுப்பில், மறுபக்கம் ஓய்வு. தலைக்கு மேல் தள்ளுவது, முன்னால் இழுப்பது போன்ற அசைவுகளுக்கு வீட்டு வேலையில் இடமே குறைவு. வாரம் இரண்டு நாள் முறையான பயிற்சி, அந்தக் குடத்தையே இலேசாக்கும்.

நடைப்பயிற்சியும் யோகாவும் செய்கிறேன். இதுவும் வேண்டுமா?

வேண்டும். நடை இதயத்துக்கு நல்லது, விட்டுவிடாதீர்கள். யோகா நெகிழ்வையும் சமநிலையையும் தரும். ஆரம்பத்தில் கொஞ்சம் வலுவும் தரும். இரண்டிலும் சுமை உங்கள் உடல் எடையோடு நின்றுவிடுகிறது.

மாதவிலக்கு நாட்களில் எடை தூக்கலாமா?

தூக்கலாம். உடம்புக்குத் தீங்கில்லை, சிலருக்கு வயிற்று வலி குறையவும் செய்யும். உதிரப்போக்கு அதிகமாக இருந்து சோர்வாக இருந்தால் எடையைக் குறையுங்கள், அல்லது அந்த நாளை விடுங்கள். முடிவு உங்களுடையது, வீட்டாருடையது அல்ல.

எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார்கள். குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

இந்தப் பயம்தான் பல வீடுகளில் கல்யாணமாகாத பெண்களை எடைப் பக்கமே விடாமல் வைத்திருக்கிறது. படிப்படியாகக் கூட்டிச் செய்யும் எடைப்பயிற்சி கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. மாதவிடாய் தப்புவது, தேவைக்கு மிகக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு நேரும். அங்கே குற்றவாளி பட்டினி. பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு எடைப்பயிற்சி இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் சுகப்பிரசவங்களின்போது, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கு நேரும் சேதம், வயது, உடல் பருமன், தீராத மலச்சிக்கலில் முக்குவது, நாள்பட்ட இருமல். பிரசவம் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஓய்வின்றிப் பாரம் சுமக்க நேர்ந்த பெண்களைப் பார்த்துத்தான் நம் பாட்டிமார்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை உண்டு. அதை ஆரோக்கியமான எல்லாப் பெண்ணுக்கும் நீட்டுவதுதான் தவறு. பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவதுபோல், கனப்பதுபோல் உணர்ந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்த பிறகே எடையைத் தொடுங்கள்.

தூக்கும்போது சிறுநீர் கசிகிறது. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பிரசவித்த பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது, சரிசெய்யக் கூடியதும்கூட. வாயை மூடி மூச்சை அடக்கி முக்கும்போது வயிற்று அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. தூக்கும் கணத்துக்குச் சற்று முன்பே சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். கசியாத எடைக்கு இறங்கி அங்கிருந்து ஏறுங்கள். இதோடு தனியாக, அதே தசையைச் சுருக்கி விடும் பயிற்சியை ஒரு தடவைக்கு 8 சுருக்கம், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம். குறையாவிட்டால் இடுப்புத்தளத்துக்கென்றே பயின்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள்.

கர்ப்பகாலத்தில்? பிரசவத்துக்குப் பிறகு?

முன்பே பழகியவர், மருத்துவர் தடை சொல்லாதவரை, எடையைக் குறைத்துத் தொடரலாம். மூச்சை அடக்கித் தூக்குவதும், விழ வாய்ப்புள்ள பயிற்சிகளும் வேண்டாம். 20 வாரத்துக்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்பவற்றை உட்கார்ந்து செய்யலாம். இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது, கர்ப்பப்பை வாய் பலவீனம், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது.

பிரசவத்துக்குப் பின் முதல் 6 வாரம் நடை, மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளப் பயிற்சி மட்டும். சிசேரியன் என்றால் 8 வாரம்கூட ஆகலாம். பிறகு வெறும் உடல் எடையில் தொடங்குங்கள். பழைய நோட்டைப் பார்த்து பழைய எடைக்குத் தாவாதீர்கள்.

அம்மாவுக்கு 62 வயது. இனிமேல் தொடங்கலாமா?

அவருக்குத்தான் அவசரமாகத் தேவை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் எலும்பு அடர்த்தி வேகமாகச் சரிகிறது. கால் தசையும் மெலிவதால் தடுமாறி விழுகிறார்கள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னால் வரும் துன்பம் பல குடும்பங்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 8 மாதம், வாரம் 2 முறை, அரை மணி நேரம் கண்காணிப்போடு கனமான எடை தூக்கினார்கள்: டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் பிரஸ், 5 ரெப் வீதம் 5 செட். அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்ற பிரிவினருக்குக் குறைந்தது. அந்த முதல் பிரிவும் நேராகக் கனத்தில் தொடங்கவில்லை. ஆரம்ப வாரங்களில் அசைவுகளைக் கற்ற பிறகே எடை ஏறியது.

உங்கள் அம்மாவுக்கு: இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு, முடிந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 8 முறை எழுவதில் தொடங்குங்கள். எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி போல முதுகைச் சுருட்டுபவற்றைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு நொறுங்க வாய்ப்புண்டு.

வயிறு மட்டும் குறைய எந்தப் பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுத்தாலும், கொழுப்பு உடம்பு தீர்மானிக்கும் வரிசையில்தான் குறையும்.

ஒரு மாதம் ஆயிற்று, எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது!

புதிதாகப் பயிற்சி தொடங்கிய தசை, நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களின் நீர்க்கோப்பும் சேர்ந்தால் ஒன்று, ஒன்றரை கிலோ கூடத் தெரியும். தொப்புள் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதுங்கள். எடை பார்ப்பதென்றால் போன சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள். போன வாரத்தோடு அல்ல.

புரதம் எவ்வளவு? பவுடர் குடித்தாக வேண்டுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம். எடைப்பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் ஏற்றது: 60 கிலோ பெண்ணுக்கு 72 முதல் 96 கிராம். இட்லி, சாம்பார் சாதம், ரசம், பொரியல் என்று போகும் நாளில் இதில் பாதியை எட்டுவதே கடினம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள்; 30 கிராம் பருப்பு முழுவதும் உங்கள் தட்டுக்கே வந்தாலும் 7 கிராம்தான்.

முட்டை ஒன்று 6 கிராம், பனீர் 100 கிராமில் சுமார் 18, மீன் 100 கிராமில் சுமார் 20, காய்ந்த சோயா உருண்டை 50 கிராமில் சுமார் 26, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 12 முதல் 14, பால் ஒரு டம்ளரில் 6 முதல் 7. இவற்றில் இரண்டு மூன்றை அன்றாடம் சேர்த்தால் பவுடர் தேவையில்லை. வே பவுடர் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். மருந்தும் அல்ல, ஹார்மோனும் அல்ல. தசைக்குச் சக்தி தர உதவும் கிரியேட்டின் பவுடரும் பெண்களுக்கு ஏற்றதே, நாளுக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கித் தலை சுற்றுகிறது. எனக்கு ஸ்டாமினா இல்லையா?

ஹீமோகுளோபினைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் பயிற்சிக்கு வருவதும் தலை சுற்றக் காரணம். ஒரு வாழைப்பழம் போதும். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

நிறுத்திவிட்டால் தசை கொழுப்பாக மாறிவிடுமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு திசுக்கள். பயிற்சி நின்றால் தசை மெல்லச் சுருங்கும். சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் கொழுப்பு சேரும்.

உடம்பு வலித்தால் நிறுத்த வேண்டுமா?

மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து, தசை முழுக்கப் பரவி, அசைந்தால் இலகும் வலி இயல்பு; மூன்று நாளில் போகும். மூட்டில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, கையிலோ காலிலோ மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றோடு தொடரக்கூடாது. தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்கு அரிதாக நேரும் தசைச் சிதைவு அது.

ஊருக்குப் போய்விட்டேன், மூன்று வாரம் விட்டுப்போயிற்று. முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட எடையில் 10 முதல் 20 சதவீதம் குறைத்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் 2 செட்டோடு ஒரு வாரம் செய்யுங்கள். இரண்டாவது வாரத்தில் பெரும்பாலும் பழைய எடைக்கே வந்துவிடுவீர்கள். இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் பாதி எடையில் தொடங்குங்கள். முதல் முறை ஏறியதைவிட வேகமாக ஏறும்.